ஆறு மணிக்கு மூடும் ஜன்னல்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ போனை வைத்து இன்றோடு முப்பத்தாறு நாள். அதன் பிறகு பதினோரு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் அண்ணிதான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார்கள். பதினோரு தடவையும் குளித்திருந்தால் நீ இந்நேரம் கரைந்தே போயிருப்பாய். கடைசியில் அவர்களுக்கே மனசு கேட்கவில்லை. "உங்க குரலக் கேட்டா அவளுக்கு மனசு எளகிடுமாம். சொல்ல வேண்டியத எழுதி அனுப்பச் சொன்னா. காகிதத்துல இருந்தாத்தான் நம்புவாளாம்" என்றார்கள். பதினாறு வருஷமாகக் கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவளைக் கட்டிக்கொண்டவன் நான். எனக்கு இது தேவைதான்.

சரி, எழுதுகிறேன். "ஆறு வருஷமா ஒரு தடவகூட ஏன் வரல? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாய். யாரும் இல்லை. ஒரு ஜன்னல் இருக்கிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தேன் அல்லவா? சின்ன அடி என்று உனக்குச் சொன்னேன். சின்ன அடி இல்லை. முதுகில் இரண்டு எலும்பு நசுங்கிவிட்டது. எட்டு மாதம் வலி மாத்திரை கொடுத்தார்கள், பிறகு ஒரே நாளில் நிறுத்தினார்கள். வலி நிற்கவில்லை. அறையில் கூட இருந்தவன் ஒரு பொட்டலம் கொடுத்தான். அதற்குப் பெயர் ஹெராயின் என்று தெரிந்தேதான் வாங்கினேன், தெரியாமல் ஏமாந்தேன் என்று உன்னிடம் கதை விடமாட்டேன். அடுத்த மூன்று வருஷத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வேலை போனது. உனக்குக் கடிதம் குறைந்து போனது அந்தக் காலத்தில்தான்.

இப்போது இரண்டு வருஷமாக ஒரு மருத்துவமனையில் என் பெயர் பதிவாகியிருக்கிறது. இந்த ஊரில் என்னைப் போல எல்லா வழியிலும் முயன்று தோற்றவர்களுக்கு அரசாங்கமே அந்த ஹெராயினை மருந்தாகக் கொடுக்கிறது. காலை ஏழே கால், மாலை ஐந்தரை. அட்டையைக் காட்ட வேண்டும், கை கழுவ வேண்டும், பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட செவிலி ஜன்னல் வழியாக அளந்து வைத்த ஊசியைத் தருவாள். அவள் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். கண் செருகுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துவிட்டு "போலாம்" என்பாள். பிறகு நான் பேருந்துப் பணிமனைக்குப் போய்க் கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைக்கிறேன். மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஒரு நாளைக்குப் பதினான்கு இருக்கை தைக்கிறேன்.

ஜன்னல் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அதே பொருளை அந்தக் கதவுக்கு வெளியே பையில் வைத்திருந்தால் இங்கேயும் போலீஸ் பிடிக்கும். அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் அது மருந்து. அதனால்தான் வர முடியவில்லை. உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

உன் கணவன்


ஜனவரி 27

ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஆறு வருஷத்தில் அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

நேற்று நான் தட்டச்சு செய்த தீர்ப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு ஆள், பெயிண்டர், கை நகமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. சட்டைப் பையில் ஹெராயின் இருந்தது. பத்து வருஷம். மூன்று பிரதி எடுத்தேன். அவன் மனைவி நகல் வாங்க வந்தாள். படிக்கத் தெரியாது போலிருக்கிறது. "எந்தப் பக்கத்துலம்மா வருஷம் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துக் கொடுத்தேன். அவள் மடித்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதைத்தான் உங்களுக்கு அங்கே ஜன்னலில் நீட்டுகிறார்களாம். கை கழுவிவிட்டு வாங்கிக்கொள்கிறீர்களாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இங்கே பத்து வருஷம் வாங்கித் தரும் பொருள், விமானம் ஏறி இறங்கினால் எப்படி மருந்தாகும்? பொருளா மாறியது? மனுஷன் மாறினானா?

நீங்கள் பொடி எடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த மூன்று வருஷமும் "சரக்கு அதிகம், வேலை அதிகம்" என்று எப்போதாவது இரண்டு வரி எழுதினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த இரண்டு வரியையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இங்கே அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் "அடுத்த வருஷம் வர்றார்" என்று ஆறு தடவை சொல்லிவிட்டேன். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதிகமாக வலிக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சர், இரண்டாம் எண் நீதிமன்றம்


பிப்ரவரி 15

அன்புள்ள தட்டச்சர் அம்மாவுக்கு,

தீர்ப்பைப் படித்தேன். மேல்முறையீடு உண்டா?

விட்டுவிட்டு வா என்கிறாய். இதற்கு முன் மூன்று தடவை விட்டேன். ஒரு தடவை நாற்பது நாள், ஒரு தடவை ஆறு மாதம், ஒரு தடவை பதினொரு நாள். மூன்றாவது தடவை திரும்பத் தொட்டபோது, உடம்பு பழைய அளவைத் தாங்காமல் ரயில் நிலையக் கழிப்பறையில் விழுந்து கிடந்தேன். கூட்டிப் பெருக்க வந்தவர் பார்த்திராவிட்டால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. அதற்குப் பிறகுதான் இங்கே சேர்ந்தேன். டாக்டர் சொல்கிறார்: "விடறதப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல உயிரோட இருங்க."

உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். கோபப்படாதே, சத்தமாக மொழிபெயர்த்துச் சொன்னேன், "தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை" என்ற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். அவர் ஒரு வழி சொன்னார். மெதுவாக வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதாம். வெளியூர் போகிறவர்களுக்குப் பத்து நாளைக்குச் சான்றிதழோடு கொடுப்பார்களாம். மார்ஃபினைப் பல நாடுகள் வலி மருந்தாக ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் முன் அனுமதி வேண்டும்.

நம் ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? சட்டப் புத்தகம் உன் மேஜைக்கு எதிரே இருக்கிறது. பார்த்துச் சொல்வாயா? டாக்டரின் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன்.

பத்து நாள். முதல் நாள் முழுக்க உன்னைத் திட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ தட்டச்சு செய்யாதபோதும் மேஜை விளிம்பில் விரலால் தட்டுவாயே, அந்தச் சத்தம் எனக்கு இப்போது சரியாக நினைவு வரவில்லை. அதை நினைத்து நேற்று பணிமனையில் அழுதுவிட்டேன். ஊசி விரலில் குத்திவிட்டது என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

உன்னவன்


மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்துவிட்டேன்! இடம் இருக்கிறது!

சட்டப் புத்தகத்தைத் தேநீர் இடைவேளையில் எடுத்தேன். அரசு வக்கீல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்றார். "என் தோழியோட வீட்டுக்காரருக்கு" என்றேன். தோழியின் வீட்டுக்காரருக்காக ஒருத்தி இத்தனை வேர்த்துப் போவாளா என்று அவர் யோசித்திருப்பார். மார்ஃபின் கொண்டுவர முன் அனுமதி விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பது பத்திகள். நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த டாக்டரின் சான்றிதழைச் சேர்த்து அன்றைக்கே தட்டச்சு செய்து, அரை நாள் லீவு போட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு கட்டத்தையும் காலியாக விட எனக்கு வராது. காலி இடம் இருந்தால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது. பதின்மூன்றாம் பத்தியில் "இதற்கு முன் உட்கொண்டுவந்த மருந்து" என்று கேட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். வாங்கிய எழுத்தர், "இவ்வளவு சுத்தமா யாரும் குடுத்ததில்ல" என்றார்.

அறையைக் கழுவிவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன், உங்களுக்கு வெளிச்சம் பிடிக்கும். அண்ணி பார்த்துவிட்டு, "என்ன, வர்றாரா?" என்றாள். ஏழாவது தடவையாகச் சொன்னேன். இந்தத் தடவை சொல்லும்போது வாய் கசக்கவில்லை.

முதல் நாள் திட்ட மாட்டேன். இரண்டாம் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் சுண்டெலி


மார்ச் 30

என்னங்க,

நான் ஒரு பாவி. இதை எப்படி எழுதுவேன்?

அனுமதி மறுத்துவிட்டார்கள். அது மட்டுமில்லை. பதின்மூன்றாம் பத்தியில் நான், "ஹெராயின், அரசு மருத்துவமனை, நாளொன்றுக்கு இருவேளை" என்று தட்டச்சு செய்திருந்தேன். உண்மைதானே, அங்கே சட்டப்படிதானே கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுப்புக் காகிதத்தைக் கொண்டுபோய் அரசு வக்கீலிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "இது தோழியோட வீட்டுக்காரர் இல்லையேம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னார்: "நம்ம சட்டத்துல கையில இருந்தா மட்டும் குத்தம் இல்ல. ரத்தத்துல இருந்தாலே குத்தம். இந்த நாட்டுக் குடிமகன் வெளிநாட்டுல எடுத்திருந்தாலும் சரி. இனிமே அவர் வந்து எறங்கினா அங்கயே ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. பேரு பட்டியலுக்குப் போயிருக்கும்."

அந்தப் பிரிவை நான் நூறு தடவையாவது தட்டச்சு செய்திருப்பேன். விரலுக்குத் தெரியும், புத்திக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு கோடு போட்டு விட்டிருந்தால் போதும். ஒரு சின்னக் கோடு.

வராதீர்கள். எத்தனை ஆசை இருந்தாலும் வந்துவிடாதீர்கள். உங்களுக்கான காகிதத்தை நான் தட்டச்சு செய்யும்படி வைத்துவிடாதீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.


ஏப்ரல் 18

என் சுண்டெலி,

முதலில் அழுகையை நிறுத்து. பெண்டாட்டி உண்மையை எழுதியதற்காக மாட்டிக்கொண்ட புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நீ அந்தக் கோட்டைப் போட்டிருந்தாலும் நடந்திருக்காது. உன் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மாலை, பொட்டலம் விற்ற பழைய ஆளின் நம்பரை எழுதிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். கூப்பிடவில்லை. திரும்பி நடந்து போய் ஜன்னலில் கண்ணாடிக்காரச் செவிலியிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கிழித்துப் போட்டாள். "மாத்திரை உங்களத் தாங்கல. இப்போதைக்கு வேண்டாம்" என்றார் டாக்டர். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் என் உலகம்.

உன்னை இங்கே வரவழைக்கலாம் என்றால், உனக்கே தெரியும், இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். மனைவியை அழைக்க நிரந்தர வேலையும் இரண்டு அறை வீடும் வேண்டும். நான் இருப்பது நான்கு பேர் தங்கும் அறை. அடுத்த வருஷம் நிரந்தரமாக்குவதாக மேஸ்திரி சொல்கிறார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டுச் சட்டமாகப் படித்தேன். கண்ணாடிக்காரியும் உதவினாள். படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஒரு நாட்டில் ஹெராயினைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சாகக் கிடப்பவர்களுக்கு வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கிறார்கள். இன்னொரு நாட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தால் தூக்கு. இன்னொன்றில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, "இந்தத் தேதியில் வந்து ஒரு குழுவிடம் பேசு" என்று சீட்டுக் கொடுக்கிறார்களாம், சிறை கிடையாதாம். வேறொன்றில் எங்கள் ஜன்னலைப் போலவே ஜன்னல் இருக்கிறது, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும். பொருளா மாறியது என்று கேட்டாயே, பொருள் மாறவில்லை. நாம் நிற்கிற இடம்தான் மாறுகிறது.

இப்போது கவனமாகப் படி. எங்களுக்குப் பக்கத்து நாட்டில் அதைக் கையில் வைத்திருப்பது குற்றம். ரத்தத்தில் இருப்பது குற்றமில்லை. எல்லை தாண்டியதும் ஒரு ஊர், ரயிலில் மூன்று மணி ஐந்து நிமிஷம். காலை ஊசி முடிந்து எட்டு ஐந்து ரயிலைப் பிடித்தால் பதினொன்று பத்துக்கு இறங்கலாம். திரும்ப ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஏறினால் ஐந்து மணிக்கு இங்கே. ஜன்னலுக்கு நேரம் இருக்கும்.

நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம். அந்த நாட்டுச் சுற்றுலா விசா உனக்குக் கிடைக்குமா?

உன்னவன்


ஜூன் 3

என்னங்க,

கிடைத்துவிட்டது. ஏழு நாள் லீவும் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை விண்ணப்பத்தை அரசு வக்கீல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவிட்டார். "பயணத்தின் நோக்கம்" என்ற இடத்தில், "ஊர் சுற்றிப் பார்த்தல்" என்று போடச் சொன்னார். ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க இத்தனை தூரம் போகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு இரண்டு நாள் பயணம். அண்ணியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், தன் புதுச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் 22. முதல் நடைமேடையில் சிற்றுண்டிச்சாலை வாசலில் நிற்பேன். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. மை பூசலாமா என்று யோசித்தேன். வேண்டாம், உங்களுக்கு இனி எதையும் மறைக்கப் போவதில்லை, நரையையும்தான். என்னை அடையாளம் தெரியுமா உங்களுக்கு?

கையில் எதையும் கொண்டுவராதீர்கள். சட்டைப் பை, பர்ஸ், செருப்பு எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சொல்லிவிட்டேன்.

சுண்டெலி


ஜூன் 25

சுண்டெலி,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் இந்தக் கடிதம் உன் பின்னாலேயே வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குக் கோபம். சந்தோஷத்தையும் கோபத்தையும் பிரிக்கத் தெரியவில்லை, அதனால் கோபத்தை மட்டும் எழுதுகிறேன்.

ரயில் நிற்பதற்கு முன்பே உன்னைப் பார்த்துவிட்டேன். நரை ஒன்றும் அத்தனை மோசமில்லை. முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்நியர்கள் மாதிரி, "பயணம் எப்படி?" என்று பேசிக்கொண்டோம். பிறகு நீ என் முதுகில் கை வைத்து, அடிபட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே கையை வைத்துக்கொண்டாய். அதன்பின் என்ன பேசினோம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேஜையில் தட்டினாய். அந்தச் சத்தம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஒன்றரைக்கு நான், "நாலு மணிக்கு இன்னொரு வண்டி இருக்கு, அதுல போறேன்" என்றேன். நீ எழுந்துவிட்டாய். பையை என் தோளில் மாட்டினாய். நடைமேடையில் என் கையைப் பிடித்து, கன்றுக்குட்டியை ஓட்டுவது போல ஓட்டினாய். ஆறு வருஷம் கழித்துப் பார்த்த புருஷனிடம் கிளம்பும்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கட்டிப்பிடித்தாய், பிறகு வண்டிக்குள் தள்ளினாய். கதவு மூடியதும் திரும்பி நின்றுகொண்டாய். ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பதில் போடு.


ஜூலை 14

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று நான் கோர்ட்டில் இருந்தபோது வந்தது. அண்ணி அதைத் தலையணையின்மேல் வைத்திருந்தாள்.

நாலு மணி வண்டி ஏழு மணிக்கு மேல்தான் உங்கள் ஊருக்குப் போகும். வந்து இறங்கியதுமே நிலையத்தின் நேர அட்டவணையில் பார்த்துவிட்டேன். "ஜன்னல்ல சொன்னா கொஞ்ச நேரம் தொறந்து வெச்சிருப்பாங்க" என்றீர்களே, ஆறு மணிக்கு மூடிவிடும் என்று ஜனவரியில் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பொய் சொல்லாதீர்கள். என்னிடம் ஆவணம் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு அந்தச் சிற்றுண்டிச்சாலையிலேயே உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிற பெண் இரண்டு தடவை வந்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். ஒன்றும் இறங்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு, இறங்கியிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு, கை கழுவிக்கொண்டிருப்பீர்கள். ஐந்தே முக்காலுக்கு, கண்ணாடிக்காரி உங்கள் முகத்தைப் பார்த்து, "போலாம்" என்று சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகுதான் ரொட்டியும் சூப்பும் கேட்டேன். பசி வந்துவிட்டது. உங்கள் ஜன்னலை நான் ஆறு மாதமாகச் சக்களத்தி மாதிரி திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டுமே என்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்த மறுநாள் இன்னொரு தீர்ப்பு. அதே பிரிவு. தட்டச்சு செய்தேன், வேலை அல்லவா. நகல் வாங்க வந்தவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை.

டிசம்பரில் எனக்கு இன்னும் எட்டு நாள் லீவு இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரம் என்றாலும் வருவேன். நீங்கள் மேஸ்திரியிடம் நல்ல பெயர் எடுங்கள், வேலை நிரந்தரமாகட்டும், இரண்டு அறை கிடைக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உயிரோடு இருங்கள். உங்கள் டாக்டர் சொன்னதுதான். அவர் சொன்னபோது எரிச்சலாக இருந்தது.

ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டீர்கள். என் வாயில் அப்போது ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "இருங்க." நான் சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கட்டிப்பிடித்தபோது வாயை உங்கள் சட்டையில் அழுத்திக்கொண்டேன்.